உருளை பிரஷ்: தேயும் பாகமும் தேயாத பாகமும்

சுழலும் பிரஷ் ஒன்றை அமைக்க முற்படுகிறவர் முதன்முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயம், அதன் இழைகள் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதோ, உருளை நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதோ அன்று. இழைகள் தேய்ந்து ஓய்ந்த பிறகு அவற்றை யார், எந்த இடத்தில், கையில் எந்தக் கருவியை வைத்துக்கொண்டு கழற்றப் போகிறார் என்பதே. விறைப்பும் வேகமும் கணக்குப் போட்டுக் கண்டுகொள்ளக் கூடியவை. கணக்குச் சற்றுப் பிசகினாலும் அடுத்த முறை இழையை மாற்றும்போது திருத்திக்கொள்ளலாம். கழற்றுகிற வழியோ உருளையின் உடம்பிலேயே வெட்டப்பட்டுவிடுகிறது. பட்டறையை விட்டு யந்திரம் வெளியேறிய பிறகு அதற்குப் பரிகாரம் இல்லை. ஆகையால் இந்த அத்தியாயத்தைப் பிரஷ்ஷின் அந்திம காலத்திலிருந்தே தொடங்குகிறோம்.

பொதுப்படையாகப் பேசிக்கொண்டு போனால் எதுவும் மனத்தில் நில்லாது. எனவே குறிப்பான ஒரு யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் கேத்தி பாலாடா முதலிய இடங்களில், தோட்டத்திலிருந்து பிடுங்கிய கேரட்டை யந்திரத்திலிட்டுக் கழுவி, மண் போக்கி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புவது வழக்கம். அத்தகைய வேலைக்கு ஏற்ற அமைப்புகளுள் ஒன்று, பிரஷ் உருளைகளை அடுத்தடுத்துப் படுக்க வைத்து, யாவற்றையும் ஒரே திசையில் சுழலவிட்டு, மேலே குழாய்களிலிருந்து நீர் தூவிக்கொண்டிருக்க, கிழங்குகள் ஓர் உருளையின் முதுகிலிருந்து அடுத்ததன் முதுகுக்குப் புரண்டு புரண்டு போகும்படி செய்வது. நீர், மணல், வேர்நார், பருவ காலத்தில் ஓய்வில்லாத ஓட்டம் ஆகிய பிரஷ்ஷின் சத்துருக்கள் அனைவரும் ஒருங்கே கூடும் இடம் அது. அங்கே தாக்குப்பிடிக்கும் அமைப்பு, உருளைக்கிழங்கு கழுவுமிடத்திலும், பிளாஸ்டிக் கூடைகளைத் தேய்க்குமிடத்திலும், தரை துலக்கும் யந்திரத்திலும் சிற்சில மாறுதல்களோடு தாக்குப்பிடிக்கும்.

சுழல் பிரஷ் நேற்றுப் பிறந்த சரக்கன்று. 1876-இல் அமெரிக்கரான மெல்வில் பிஸ்ஸெல், தள்ளினால் உள்ளிருக்கும் பிரஷ் சுழலும் கம்பளக் கூட்டுபெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1908-இல் ஜேம்ஸ் ஸ்பாங்ளர் அத்தகைய பிரஷ்ஷோடு காற்றை உறிஞ்சும் விசிறியையும் இணைத்துத் தம் காப்புரிமையைப் பெற்றார். அந்தக் காலத்தில் இழையென்று சொன்னால் பன்றிமயிர், குதிரைமயிர், தாவர நார் ஆகியவைதாம். பனைமட்டையின் அடிப்பாகத்தை நசுக்கிச் சீவி எடுக்கும் பனந்தும்பு, நம் தூத்துக்குடித் துறையிலிருந்து கப்பலேறி, மேல்நாட்டுத் தெருத்துடைப்பங்களிலும் முரட்டுப் பிரஷ்களிலும் போய்ச் சேர்ந்த பெருமை உடையது. உரமும் வளைந்து நிமிரும் குணமும் உள்ள அந்தத் தும்பை இன்றைக்கும் நான் இகழ மாட்டேன். ஆனால் ஒரு தும்பைப் போல் மறு தும்பு இராது; ஒன்று பருமன், ஒன்று மெலிவு; ஒரே தும்பிலும் அடி தடித்தும் நுனி இளைத்தும் இருக்கும். 1938-இல் பல் துலக்கும் பிரஷ்ஷின் வாயிலாக நைலான் இழை கடைக்கு வந்தபின்தான், ஆயிரம் இழைகளும் ஒரே பருமனாயிருக்கும் பிரஷ் சாத்தியமாயிற்று. இந்த அத்தியாயத்தில் பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் அந்தச் சமத்துவத்தை நம்பி நிற்பவையே.

இனி, மாற்றும் அலகு எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். பிரஷ்ஷில் இழை உண்டு; இழைகள் பல சேர்ந்த குஞ்சம் உண்டு; குஞ்சங்கள் வரிசையாய் அமைந்த பட்டை உண்டு; பட்டைகளைத் தாங்கும் கட்டை உண்டு; கட்டைகள் கோத்த உருளை உண்டு. இவற்றுள் எதைக் கழற்றி எதை மாட்டுவது? குஞ்சத்தைத் தனித்தனியே மாற்றலாம் என்று ஓர் ஆசை புதிதாக அமைப்பவர்களுக்கு எப்போதும் உண்டாகும். மரத்தில் துளையிட்டு, இழைக்கற்றையை இரண்டாக மடித்துக் கம்பியால் உள்ளே இழுத்துக் கட்டும் கைவேலை மிகப் பழையது, அழகானது. கைப்பிரஷ் ஒன்றில் அது நியாயமானதே. ஆனால் 75 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள உருளையில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு துளை வீதம் இட்டால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட துளைகள் வரும். அவற்றைச் சேற்றுக்கையோடு ஒருவர் உட்கார்ந்து நிரப்புவார் என்று எதிர்பார்ப்பது, வேலை தெரியாதவர் எதிர்பார்ப்பு. மறுகோடியில், உருளை முழுவதையும் ஒரே உடம்பாகச் செய்து, தேய்ந்ததும் தூக்கி எறிந்து புதியது வாங்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. அதில் சிரமமில்லை, ஆனால் இருபது ரூபாய்ச் சரக்குத் தேய்ந்ததற்காக இருநூறு ரூபாய்ச் சரக்கை எறிகிற கதையாக முடியும்.

என் அபிப்பிராயத்தில் அலகு ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டாக இருக்க வேண்டும். பணத்துக்கு ஓர் அலகு, நேரத்துக்கு ஓர் அலகு. விலை கொடுத்து வாங்குவது பட்டை மட்டுமே; ஆனால் யந்திரத்தை நிறுத்தி மாற்றுவது உருளையை. அதாவது, தேய்ந்த உருளையைப் படுக்கையிலிருந்து அப்படியே தூக்கிவிட்டு, முன்பே தயாராயிருக்கும் மாற்று உருளையை அந்த இடத்தில் இறக்கிவிட்டால், லோடு காத்திருக்க வேண்டியதில்லை. தூக்கியதை மேஜைமேல் கிடத்தி, சாவகாசமாகப் பட்டைகளை உருவிப் புதியவற்றைச் செருகிக்கொள்ளலாம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினவர்கள்தாம், பட்டையை யந்திரத்தின் மேலேயே பக்கவாட்டில் உருவும்படி அமைத்துவிட்டு, பிறகு அந்த யந்திரம் சுவரோரமாக நிறுத்தப்பட்டிருப்பதையும், ஒரு மீட்டர் பட்டையை உருவ ஒரு சாண் இடம்கூட இல்லாதிருப்பதையும் கண்டு திகைக்கிறார்கள். இடம் விட்டு நிறுத்துங்கள் என்று கையேட்டில் அச்சடித்துக் கொடுத்தால் போதாதா என்றால், போதாது. கொட்டகை எவ்வளவு பெரிதாயிருந்தாலும் யந்திரம் சுவரோரத்துக்கே போய்ச் சேரும்.

பட்டை என்றால் என்னவென்று நெருங்கிப் பார்ப்போம். மெல்லிய தகட்டை 'ப' எழுத்தின் வடிவத்தில் நீள வளைத்து, அதன் வாயின் குறுக்கே இழைகளைப் பரப்பி, இழைகளின் நடுவில் ஒரு கம்பியை வைத்து உள்ளே அழுத்தினால், இழைகள் கம்பியைச் சுற்றி இரண்டாக மடிந்து தகட்டுக்குள் இறங்கும். அப்போது தகட்டின் இரு புறங்களையும் நெருக்கிவிட்டால், இழை, கம்பி, தகடு மூன்றும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பசையும் இல்லை, தையலும் இல்லை. பட்டையின் தரம் இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும்போது ஓர் இழையை விரலிடுக்கில் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அது அறுபட வேண்டுமேயொழிய உருவிக்கொண்டு வரக் கூடாது. உருவிக்கொண்டு வரும் பட்டை, கேரட் மூட்டைக்குள் நீல மயிர் அனுப்பும் பட்டை. நீலம் என்றது தற்செயலன்று. உண்பொருளைத் தொடும் பிரஷ்ஷில் நீல இழை இடுவது உணவுத் தொழிலில் பரவலான வழக்கம். செம்மஞ்சள் கேரட்டின் மேலும் பழுப்பு மண்ணின் மேலும் விழுந்த இழை கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதே காரணம்.

தகடும் உள்ளிருக்கும் கம்பியும் எவர்சில்வராக இருக்கட்டும். நாகம் பூசிய இரும்புத் தகடு விலை சரசமானது. ஆனால் வெட்டிய முனையில் பூச்சு இராது. அங்கே துருப்பிடித்து, துரு உப்பி, காடிக்குள் ஆப்பு வைத்தாற்போல் இறுகிவிடும். பிறகு அதைச் சுத்தியல் கொண்டு தட்டி வெளியேற்றுவதற்குள் காடியின் உதடு பிய்ந்து போகும். பட்டையில் மிச்சம் பிடித்த பணத்தைக் கட்டையில் இழப்பது இவ்வாறு.

கட்டையை எச்.டி.பி.ஈ. என்று வழங்கும் கெட்டி பாலித்தீனில் கடைவது உத்தமம்; நீரை உறிஞ்சாது, அழுகாது, உளிக்கும் கட்டருக்கும் இணங்கும். விட்டம் 75 மில்லிமீட்டர், நடுத்துளை 25, நீளம் 250. ஒரு மீட்டர் உருளைக்கு இத்தகைய கட்டைகள் நான்கு. ஏன் ஒரே கட்டையாக வைக்கவில்லை என்று கேட்கலாம். சிறு பட்டறைகளிலுள்ள மில்லிங் யந்திரத்தின் மேஜை ஒரு மீட்டர் காடியை ஒரே ஓட்டத்தில் வெட்ட இடம் கொடாது என்பது முதற்காரணம். உருளை நெடுகிலும் தேய்வு ஒன்றுபோல் இராது என்பது இரண்டாவது. கிழங்கு எப்போதும் நடுவிலேயே குவியும், ஆதலால் நடுக்கட்டைகள் இரண்டும் ஓரக்கட்டைகளுக்கு முன்பே தேயும். துண்டுகளாயிருந்தால் நடுவிலிருப்பதை ஓரத்துக்கும் ஓரத்திலிருப்பதை நடுவுக்கும் மாற்றி, பட்டைகளின் ஆயுளைச் சமப்படுத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கட்டையிலும் நெடுக்கில் எட்டுக் காடிகள். தகட்டின் வெளியகலம் 8 மில்லிமீட்டர் என்று கொண்டால், காடியின் அடி 8.4-ம், வாய் 6.4-ம் இருக்கட்டும், அதாவது தகட்டுக்கு இரு புறமும் கூடி அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தளர்ச்சியும், வாயின் இரு உதடுகளும் தகட்டின் தோளைக் கவ்விப் பிடிக்கப் போதிய இடமும் கிடைக்கும். உதட்டின் கனம் 4 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். நேர்த்தியான கைவேலைக்காரர்கள் இந்தத் தளர்ச்சியைக் கண்டு முகம் சுளிப்பார்கள். பட்டை விரலுக்கு அசைகிறதே, இன்னும் சேர்த்துக் கடைந்தால் என்ன என்பார்கள். பட்டறையில் சேர்த்துக் கடைந்தது பட்டறையில் அழகாகவே வழுக்கிப் போகும். பத்து நாள் நுண்மணல் கலந்த நீரில் சுழன்ற பிறகு, அந்த மணல் இடைவெளிக்குள் படிந்து பாறையாகிவிடும். தளர்ச்சி இருந்தால் நீர் உள்ளே ஓடி மணலை வெளியே கொண்டுபோகும். இதற்கு மேலும் ஒரு சிறு உபாயம்: பட்டைத் தகட்டின் ஒரு முனையில், இழையில்லாமல் ஒரு சென்டிமீட்டர் விட்டு, அங்கே 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இட்டுவிடுங்கள். கம்பிக் கொக்கி ஒன்றை மாட்டி இழுக்கலாம். இல்லையேல் இடுக்கியால் இழைகளையே பற்றி இழுக்க நேரும்.

காடி எட்டு என்றேனே, ஆறு ஆகாதா என்ற வினாவுக்கு விடை சற்றுச் சுவையானது. நீளப் பட்டைகள் நேர்வரிசையாக ஒரு மீட்டருக்கும் ஓடினால், ஒவ்வொரு வரிசையும் கிழங்குகளின் அடியில் ஒரே சமயத்தில் வந்து மோதும். நிமிஷத்துக்கு 150 சுற்று என்றால் நொடிக்கு 20 மோதல். யந்திரம் முழுவதும் தடதடக்கும். கிழங்கு புரளுவதற்குப் பதிலாகத் துள்ளும். பட்டையைத் திருகுசுழியாகச் சுற்றினால் இந்தத் தொல்லை தீரும், ஆனால் கழற்றி மாட்டும் சௌகரியம் போய்விடும். கட்டைகளைச் சற்றுச் சற்றே திருப்பிக் கோத்தால் இரண்டும் கிட்டும். அதற்கு ஒவ்வொரு கட்டையின் ஒரு முகத்தில், ஒரே வட்டத்தில், 60 பாகை இடைவிட்டு ஆறு துளைகளும், மறு முகத்தில் எதிரெதிராக இரண்டு எவர்சில்வர் முளைகளும் இருக்கட்டும்; ஒன்றன் முளை அடுத்ததன் துளையில் புகுந்து, சுழற்சியைக் கட்டைக்குக் கட்டை கடத்தும். எட்டுக் காடி என்றால் காடிக்குக் காடி 45 பாகை. ஒரு கட்டையை முன்கட்டையிலிருந்து ஒரு துளை, அதாவது 60 பாகை, தள்ளி மாட்டினால் அதன் வரிசைகள் முன்வரிசைகளிலிருந்து 15 பாகை விலகி நிற்கும். அடுத்தது 30 பாகை. நான்காவது கட்டை மீண்டும் முதலாவதோடு ஒத்துப்போகும். எல்லாக் கட்டைகளும் ஒரே வரைபடத்தில் வெட்டப்பட்டவை. ஆயினும் மாட்டும் முறையாலேயே வரிசை முறிந்துவிடுகிறது. காடி ஆறாக இருந்தால், எத்தனை துளை தள்ளினாலும் வரிசை நேர்க்கோட்டிலேயே வந்து நிற்கும். இந்த விலகலால் மற்றொரு லாபமும் உண்டு: பட்டை நெடுக்கில் வழுக்கி ஓட முயன்றால் அடுத்த கட்டையின் முகம் அதைத் தடுத்துவிடுகிறது, ஸ்க்ரூவோ கிளிப்போ வேண்டியதில்லை. நனைந்த தரையில் விழுந்து காணாமற்போகும் ஸ்க்ரூக்களை அமைப்பிலிருந்தே நீக்கிவிட்டால் அந்த அளவுக்கு யந்திரம் நெடுநாள் வாழும்.

ஷாஃப்ட் 25 மில்லிமீட்டர் எவர்சில்வர். இரு முனைகளிலும் 20-ஆகக் கடைந்து சிறுத்தது. ஒரு மீட்டர் இடைவெளியில் சொந்தப் பாரமும் கிழங்கின் பாரமும் சேர்ந்து 15 கிலோ என்று வைத்தாலும், நடுவில் அரை மில்லிமீட்டரளவே தொய்வு உண்டாகும், அது பொருட்டன்று. ஒரு முனையில் 80 மில்லிமீட்டர் முகத்தட்டைப் பற்றவைத்து அதில் முதற்கட்டைக்கான இரு முளைகளை நிறுத்துங்கள். மறு முனையில் கழற்றக்கூடிய முகத்தட்டும், அதற்குப் பின்னால் அழுத்தமான சுருள்வில்லும், அதை இறுக்கும் ஒரே ஒரு பெரிய நட்டும். சுருள்வில் எதற்கு என்று கேட்டு அதை விட்டுவிட வேண்டாம். பாலித்தீன் வெப்பத்தில் நீளும் இயல்பு எஃகைக் காட்டிலும் பல மடங்கு அதிகம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 பாகை சென்டிகிரேட் ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். மலைப்பிரதேசத்து விடியற்காலைக் குளிரில் இறுக்கிய நட்டு, நடுப்பகல் வெயிலில் கட்டைகளைப் பிதுக்கும்; நடுப்பகலில் இறுக்கியது விடியலில் கடகடவென்று ஆடும். வில் இந்த ஏற்றத்தாழ்வை விழுங்கிக்கொள்ளும்.

உருளையைத் தூக்குவது எப்படி? முனைகளில் பால்-பேரிங் அடித்து ஏற்றியிருந்தால் அவற்றைப் பிடுங்காமல் கட்டைகளை உருவ முடியாது. பேரிங் பிடுங்கும் கருவி கேரட் கொட்டகையில் இராது. ஆகவே நிமிஷத்துக்கு 150 சுற்றே உள்ள இந்த உருளைக்குப் பேரிங் வேண்டாம். மேல்வாய் திறந்த 'ப' வடிவக் கெட்டிப் பிளாஸ்டிக் தாங்கிகளே போதும். உருளையின் முனைகள் அவற்றில் மேலிருந்து இறங்கி அமரும். மேலே ஒரு மூடி, அதை நிறுத்த ஓர் ஊசி. தாங்கியும் தேயும் பாகமே. அதையும் இரண்டு போல்ட்டில் கழற்றும்படி வையுங்கள். செயினும் பல்சக்கரமும் உருளையில் இராமல் சட்டத்திலேயே தம் சொந்த பேரிங்கில் நிற்கட்டும். பல்சக்கரத்தின் முகத்தில் ஒரு குறுக்குப் பிளவு, ஷாஃப்ட்டின் முனையில் அதற்குப் பொருந்தும் தட்டை நாக்கு. பிளவு செங்குத்தாக நிற்கும்படி சக்கரத்தைக் கையால் திருப்பி நிறுத்தினால் உருளை தானே மேலே வரும். நாக்கை இரு முனைகளிலும் செதுக்கிவிடுங்கள். இதன் பிரயோஜனம் சற்றுப் பின்னால் விளங்கும். முனைக்கும் தாங்கிக்கும் இடையில் அகலமான வளையம் ஒன்று அவசியம். கேரட்டின் வேர்நாரும் தழைத்துணுக்கும் அங்கேதான் போய்க் கயிறு திரித்தாற்போல் சுற்றிக்கொள்ளும்.

வெளிநோக்கி எறியும் விசையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. நம் உருளையின் அளவுக்கு 150 சுற்றில் அந்த விசை பட்டையின் சொந்த எடைக்குச் சமம். காடியின் உதடு அதைத் தாங்குவது பெரிதன்று. ஆனால் விசை வேகத்தின் இரண்டாம் படிப்படி ஏறும். 600 சுற்றில் எடையைப்போல் 16 மடங்கு, 1500 சுற்றில் 100 மடங்கு. இதே கட்டையை மோட்டாரோடு நேராக இணைத்துத் தரை துலக்க உபயோகிக்கலாம் என்று எவரேனும் எண்ணினால், உதட்டை உலோகத்தில் செய்யாமல் அந்த எண்ணத்தைத் தொடர வேண்டாம்.

இனி இழை. இதன் சுபாவத்தை உள்ளபடி அறிய ஒரே ஒரு விதி போதும்: ஒரு முனை பிடிக்கப்பட்டு மறு முனை சும்மா நிற்கும் இழையின் விறைப்பு, அதன் பருமனின் நான்காம் படிக்கு நேராகவும், நீளத்தின் மூன்றாம் படிக்கு எதிராகவும் மாறுகிறது. பருமனை 0.3 மில்லிமீட்டரிலிருந்து 0.4 ஆக்கினால், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது; விறைப்போ மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். கேரட்டுக்கு 0.3 முதல் 0.4 வரை, தோல் தடித்த உருளைக்கிழங்குக்கு அதற்கு ஒரு படி மேலே என்று தொடங்குவது நலம். காடிக்கு வெளியே நீட்டி நிற்கும் நீளம் 30 மில்லிமீட்டர் என்று கொண்டால், உருளையின் முழுவிட்டம் 135 ஆகும். 150 சுற்றில் இழைநுனி நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் செல்லும். மண்ணைப் பெயர்ப்பது நுனி. இழையின் பக்கம் தடவ மட்டுமே செய்யும். மேலே கிழங்கை மிகையாகக் குவித்தால் இழை அடியோடு வளைந்து பக்கத்தால் உராய்கிறது; கேரட் பளபளக்கும், மடிப்புகளில் மண் அப்படியே இருக்கும். அழுக்குப் போகவில்லையென்று மேலும் அழுத்துவது, இந்த யந்திரத்தை ஓட்டுகிறவர்கள் செய்கிற பிழைகளுள் பிரதானமானது.

நைலானிலும் ஜாதிகள் உண்டு. நைலான் 6 என்பது நீரில் ஊறி முழுமையாக நனைந்தால் தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீரை உறிஞ்சிக்கொண்டு, விறைப்பில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நைலான் 612 என்பது சுமார் 3 சதவீதமே உறிஞ்சும், ஆதலால் ஈரத்திலும் பெரும்பாலும் தன் நிலை குலையாது. பாலிப்ரொப்பிலீன் நீரைத் தொடவே தொடாது, விலையும் மலிவு; ஆனால் வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும் சோம்பல் அதற்கு உண்டு. முதல் இரண்டு உருளைகளில், மண்கட்டி உதிர்க்கும் முரட்டு வேலைக்கு, பாலிப்ரொப்பிலீனையும், பின்னுள்ளவற்றில் நைலான் 612-ஐயும் இடுவது என் சிபாரிசு. நேர் இழையைவிட நெளி இழை நல்லது. நேர் இழைகள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் குடுமியாகிவிடும், நெளிந்தவை விலகி நிற்கும். நைலான் என்று சொல்லிப் பாலிப்ரொப்பிலீனை விற்பவர்களும் உண்டு. சோதிப்பது எளிது: இழையில் ஒரு துண்டைக் கத்தரித்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த நீரில் விரலால் அமிழ்த்தி விடுங்கள். நைலான் அடியில் தங்கும். பாலிப்ரொப்பிலீன் மேலே வந்துவிடும். சோப்பு இல்லாவிட்டால் மெல்லிய இழை எதுவானாலும் நீர்ப்பரப்பிலேயே படுத்திருந்து ஏமாற்றும்.

மேற்சொன்ன விதியின் மறுபாதிதான் பிரஷ்ஷின் ஆயுளை நிர்ணயிக்கிறது. தேயத் தேய பிரஷ் மிருதுவாகும் என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறானது. நீளம் குறையக் குறைய விறைப்பு மூன்றாம் படிப்படி ஏறுகிறது. 30 மில்லிமீட்டர் இழை 22-க்குத் தேய்ந்தால் இரண்டரை மடங்கு முரடாகிவிடும். 15-க்குத் தேய்ந்தால் எட்டு மடங்கு. அந்த நிலையிலும் பிரஷ் பார்வைக்குத் தடிமனாக, இன்னும் உழைக்கும் போலவே தோன்றும். ஆனால் கேரட்டின் தோலைச் சிராய்த்துக்கொண்டிருக்கும், சிராய்ந்த கேரட் மண்டிக்குப் போகுமுன்பே வாடத் தொடங்கும். ஆகவே 22 மில்லிமீட்டரில் மாற்றுவது என்று வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். இதைக் கண்மதிப்புக்கு விடாமல், 22 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு தகடு ஒன்றை வெட்டி, சங்கிலியில் யந்திரத்தோடு தொங்கவிடுங்கள். காடியின் வாயோரம் கட்டையின் மேல் அதை நிறுத்தினால், இழை தகட்டுக்குக் கீழே போய்விட்டதா என்று யாரும் பார்த்துவிடலாம்.

அந்த வரம்பு வருவதற்கு முன் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். உருளையைத் தூக்கி, முனை மாற்றிப் போட்டால், சாய்ந்த பக்கம் எதிர்த்திசைக்கு முகம் காட்டும். இழைகள் நிமிர்ந்து, நுனியும் மறுபுறம் கூர்ப்படும். இரு முனைகளிலும் நாக்குச் செதுக்கச் சொன்னது இதற்காகவே. இதைச் செய்யும் நாளிலேயே நடுக்கட்டைகளை ஓரத்துக்கு மாற்றிவிடலாம். பட்டையைப் புதுப்பிக்கும்போது மட்டும் ஒரு கட்டையின் எட்டுப் பட்டைகளையும் ஒருசேர மாற்றுங்கள். ஏழு பழசுக்கு நடுவே ஒரு புதுப்பட்டை நின்றால், எல்லாக் கிழங்கின் பாரத்தையும் அந்த ஒன்றே ஏற்று, மற்ற ஏழுக்கும் முன்னதாகப் படுத்துவிடும்.

கடைசியாக, யந்திரத்தின் சட்டத்தில் ஒரு தகடு பதித்து, அதில் எழுத்தை வெட்டி வையுங்கள். அச்சடித்த ஸ்டிக்கர் நீரில் உரிந்துவிடும். பட்டையின் நீளம் 250, தகட்டின் வெளியகலம் 8, தகடும் கம்பியும் எவர்சில்வர், இழை இன்னது, பருமன் இவ்வளவு, நெளி இழை, நீல நிறம், காடிக்கு வெளியே 30, இழையில்லா முனை 10, துளை 3. நீளத்தை எழுதும்போது காடிக்கு வெளியே உள்ள அளவா, தகட்டின் அடியிலிருந்து நுனிவரை உள்ள மொத்த அளவா என்பதைத் தவறாமல் குறியுங்கள். பட்டை செய்பவர்கள் வழக்கமாகக் கேட்பது மொத்த அளவு, நம் உருளைக்கு அது 42. இந்த இரண்டும் மாறிப்போய் 30 மில்லிமீட்டர் மொத்த உயரமுள்ள பட்டைகள் வந்து இறங்கினால், அவை காடிக்குள் அழகாகப் பொருந்தி, வெளியே 18 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு, புதிதாயிருக்கும்போதே நாலரை மடங்கு முரடாக நிற்கும்.